நான் கொடுக்காத மூன்று

பிரபு,

கடிதம் என்றால் 'அன்புள்ள' என்று ஆரம்பித்து, 'நலம், நலமறிய ஆவல்' என்று போகவேண்டும். 'அன்புள்ள' எழுதக் கை வரவில்லை. சரி, 'நலம்' என்றாவது எழுதலாம் என்று பார்த்தால், நான் நலமாக இருப்பது உன் தொழிலுக்கு நஷ்டம். திண்டிவனத்தில் நான் காலம் முழுக்கக் கணக்கு டீச்சராக நடந்துபோன அதே தெருவில், வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு கோச்சிங் சென்டர் திறக்கிறாய். அதற்கு என் பெயரை வைத்திருக்கிறாய். பெயருக்குப் பின்னால் 'நினைவு' என்று ஒரு சொல்லையும் சேர்த்திருக்கிறாய். உயிரோடு உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருக்கிற தாய்க்கு நினைவு மையம் திறக்கிற மகனை நான் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. திறப்பு விழாவுக்கு வா என்று கூப்பிடவில்லை. அட்மிஷன் முடிகிற வரைக்கும் ஊரை விட்டுப் போய் இரு என்று சொல்லியிருக்கிறாய். அதற்குப் பதில்தான் இது. போனில் சொன்னால் பாதியில் கட் பண்ணிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நான் செத்த செய்தி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? ராஜேஸ்வரி கொண்டுவந்தாள். உனக்கு அவளைத் தெரியாது, அவள் மகளைத் தெரியும். உன் விழுப்புரம் சென்டரில் படிக்கிற பெண். ராஜேஸ்வரி என்னிடம் பத்தாவது வரைக்கும் படித்தவள், ஓமந்தூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை போடுகிறாள். முட்டிவலி என்று சில நாளாக நான் வாசலைத் தாண்டவில்லை. அன்றைக்குக் காலையில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டுப் போய்த் திறந்தால், கையில் பெரிய சாமந்தி மாலையோடும் ஊதுபத்திக் கட்டோடும் நிற்கிறாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவ்வளவு பெரிய மாலையை மறைக்க முடியுமா?

"டீச்சர்... நீங்க கீறீங்களா?"

"நான் எங்க போகப்போறேன்? யாருக்குடி மாலை?"

அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் இன்னாத்த சொல்வேன் டீச்சர். எம்பொண்ணு வந்து அழுதுக்கினே சொல்லிச்சு. சாரோட அம்மா செத்துட்டாங்களாம், உயிர் போற நேரத்துல சார் காதுல ஒரு நம்பர் சொன்னாங்களாம். அத சொல்லும்போது சாரே கிளாஸ்ல அழுதுட்டாராம். பசங்கெல்லாம் அழுதுக்கினு வந்துச்சுங்கோ. அப்பறம் பாத்தா மேம்பாலத்துக்குக் கீழ ஃப்ளெக்ஸ்ல உங்க போட்டோ. மேகத்துக்கு நடுவுல வெச்சிருக்காங்க. பக்கத்துல வெளக்கு எரியுது. நான் இன்னான்னு நெனைப்பேன், சொல்லுங்க?"

அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். செத்தவள் கையால் காபி வாங்கிக் குடித்தவள் இந்த ஜில்லாவிலேயே ராஜேஸ்வரி ஒருத்திதான். குடித்து முடித்துவிட்டு, "இந்த மாலைய இன்னா பண்றது டீச்சர்?" என்று கேட்டாள். வாங்கி, உன் அப்பா படத்துக்குப் போட்டேன். மாலை பெரிது, படம் சின்னது. பாதி மாலை கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது, இப்போது வாடிவிட்டது.

அவள் போனபிறகு உனக்குப் போன் போட்டேன். நீ மறுக்கக்கூட இல்லை. "சும்மா ஒரு ஃப்ளோல வந்துடிச்சும்மா. பசங்க ஒரே சைலன்ட் ஆயிட்டாங்க. அப்பறம் வாபஸ் வாங்க முடியல" என்றாய். ஏதோ கை தவறிக் கண்ணாடித் தம்ளர் விழுந்த மாதிரி சொன்னாய். "எந்த வியாதியில செத்தேன்?" என்று கேட்டேன். "இன்னாது?" என்றாய். "எந்த வியாதின்னு சொல்லி வெச்சிருக்க? நாளைக்கு யாராவது கேட்டா ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும் இல்ல?" பிறகு மெல்ல, "ஹார்ட்டு" என்றாய். எனக்கு ஹார்ட் இருக்கிறது என்று நீ ஒத்துக்கொண்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான். அதற்குப் பிறகுதான் கெஞ்ச ஆரம்பித்தாய். "குயிலாப்பாளையத்துல சித்தி வீட்ல போய் இரும்மா. காத்து நல்லா வரும். நீ இப்ப வெளிய வந்து நின்னன்னா எம்பொழப்பே நாறிடும். பேஜாரு பண்ணாதம்மா." உன் குரலில் இருந்த பயத்தைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் எதற்கு, உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் முட்டிவலியோடு மேம்பாலம் வரைக்கும் நடந்துபோய் என் சாவை நானே பார்த்தேன். அருமையாகச் செய்திருக்கிறாய். நீ கோட்டு போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, யாரையோ அடிக்கப் போகிறவன் மாதிரி நிற்கிறாய். 'வெட்ட வெட்ட வீழாத எண்ணை வென்றெடுத்த கணிதச் சிங்கமே' என்று மஞ்சள் எழுத்து. மேலே இடது மூலையில் மேகத்தில் நான், பக்கத்தில் உன் அப்பா. என்னுடைய பிரிவு உபசார விழாப் படத்தை எடுத்திருக்கிறாய், ஆனால் மூக்குக்கண்ணாடியைக் காணோம். செத்தபிறகு பார்வை சரியாகிவிடும் போலிருக்கிறது. உன் காலுக்குக் கீழே, பேருந்தில் போகிறவனுக்கும் தெரிகிற அளவில், 739391333 என்று போட்டு, 'அன்னையின் கடைசி மூச்சில் பிறந்த ஒன்பதாவது இலக்கம்' என்று எழுதியிருக்கிறாய். என் சாவைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அந்தக் கடைசி மூன்றைப் பார்த்ததும்தான் வந்தது.

உனக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் உன் மாணவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் புரியவேண்டும் என்று சொல்கிறேன். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். 73939133 ஒரு பகா எண். அதன் கடைசி இலக்கத்தை வெட்டினால் 7393913 மிஞ்சும், அதுவும் பகா எண். இன்னொன்றை வெட்டு, 739391, அதுவும் அப்படித்தான். இப்படியே வலது பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே போய் வெறும் 7 மட்டும் நிற்கிற வரைக்கும், எந்த இடத்திலும் மிச்சம் உடையாது. இந்தக் குணம் உள்ள எண்களில் இதுதான் பெரியது. யாரோ தேடிக் களைத்துப்போய்ச் சொன்ன கதை இல்லை இது. ஒற்றை இலக்கத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், எல்லா வழியும் எட்டு இலக்கத்துக்குள் அடைபட்டுப் போகிறது. இந்த எண்ணுக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் சேர்த்துப் பார். இரட்டைப்படை இலக்கமோ பூஜ்யமோ சேர்த்தால் இரண்டால் உடையும், ஐந்து சேர்த்தால் ஐந்தால் உடையும். ஒன்றோ ஏழோ சேர்த்து எல்லா இலக்கங்களையும் கூட்டிப் பார், மூன்றால் உடையும். பாக்கி மூன்றும் ஒன்பதும்தான். இவை இரண்டும் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு நிற்கும், பிறகு இவையும் உடையும். வெட்டினால் தாங்குகிற எண்ணுக்கு, கூட ஒன்றைச் சேர்த்தால் தாங்காது. அதற்கு வாரிசு கிடையாது.

இந்த எண்ணை நீ எங்கே கற்றுக்கொண்டாய்? என் மரணப் படுக்கையிலா? மயிலம் ஸ்டேஷனில் கற்றுக்கொண்டாய். உன் அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன், எனக்குத் திண்டிவனத்தில் பள்ளிக்கூடம். அவருக்கு லீவு கிடைக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் தூக்கில் எடுத்துக்கொண்டு நாம் இருவரும் பாசஞ்சரில் போவோம். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து எட்டு இலக்கத்தையும் சத்தமாகச் சொல்லவேண்டும். மயிலம் வந்தால் கடைசி மூன்றை வெட்டவேண்டும். பேரணியில் இன்னொரு மூன்று, விக்கிரவாண்டியில் ஒன்று, முண்டியம்பாக்கத்தில் ஒன்பது. விழுப்புரத்தில் இன்னொரு மூன்றையும் வெட்டிவிட்டு இறங்கும்போது உன்னிடம் 739 இருக்கும். குவார்ட்டர்ஸுக்கு நடக்கிற வழியில் அது 73 ஆகி, அப்பா கதவைத் திறக்கும்போது "ஏழு!" என்று கத்துவாய். அவருக்கு அதன் அர்த்தம் தெரியாது. "ஏழு வந்துட்டாரா, வாங்க, வாங்க" என்பார். மற்றப் பிள்ளைகள் ரயிலில் முறுக்கு கேட்டு அழுதபோது நீ எண்ணை வெட்டிக்கொண்டு வந்தாய். நான் வளர்த்த வளர்ப்பு அது. அதைக் கொடுமை என்று உன் மனைவி சொல்கிறாளாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வெட்ட மறுத்தாய். மயிலத்தில் வண்டி நின்றதும் என்னைப் பார்த்து, "அம்மா, எப்பப் பாத்தாலும் வெட்டிக்கினே இருக்கணுமா? நான் ஒண்ணு சேக்கறேன்" என்றாய். கடைசியில் ஏற்கெனவே இரண்டு மூன்றுகள் இருக்கின்றனவே, இன்னொரு மூன்று சேர்த்தால் அழகாக இருக்கும் என்றாய். அழகு! கணக்கில் அழகு பார்க்கிற வயதா அது? "சேத்துட்டு ஒடைச்சுப் பாரு. ஒடையலன்னா உன்னுது" என்றேன். நீ மனசுக்குள்ளேயே வகுக்க ஆரம்பித்தாய். மூன்றால் பார்த்தாய், ஏழால் பார்த்தாய், பதினொன்றால் பார்த்தாய். நெற்றியெல்லாம் வேர்த்தது. எதிரில் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா, "விடும்மா, கொயந்த மூஞ்சி வாடிப்போச்சு" என்றாள். நான் விடவில்லை. விடையும் சொல்லவில்லை. விழுப்புரம் வரைக்கும் உன் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

அப்பா அன்றைக்கு பிளாட்பாரத்துக்கே வந்திருந்தார், கையில் பச்சைக் கொடி சுருட்டியபடி இருந்தது. நீ ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா, என் நம்பர் ஒடையலப்பா! அம்மாவுத விட என்னுது பெருசு!" என்றாய். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் உன்னைத் தூக்கிக்கொண்டு, "அப்ப உன்னுதுதான்டா பெருசு, எவன் இல்லன்றான்?" என்றார். உன் முகம் அப்படி மலர்ந்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். "127-ஆல ஒடையும். வகுத்துப் பாரு." நீ அவர் தோளிலிருந்து இறங்கவில்லை. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாய். வீட்டில் களியைப் பிசைந்துகொண்டே, "ஒரு நாளாவது உட்டுக்குடுத்திருக்கலாம் இல்ல? அவன் இன்னா பரீட்சையா எழுதறான்?" என்றார் அப்பா. "கணக்குல உட்டுக்குடுக்கறதுன்னு ஒண்ணு கிடையாது" என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். இந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்பேன் என்று நீ எதிர்பார்த்திருந்தால், அடுத்த பத்திக்குப் போ.

ஆக, உனக்குத் தெரியும். இது தெரியாமல் செய்த பிழை இல்லை. 127-ஐ 5821979-ஆல் பெருக்கினால் உன் ஃப்ளெக்ஸில் இருக்கிற எண் வரும் என்று உனக்கு அந்த வயதிலிருந்தே தெரியும். தெரிந்துதான் அதை அச்சடித்திருக்கிறாய். மேம்பாலத்துக்குக் கீழே நின்றபடி இதைத்தான் யோசித்தேன். சென்டருக்குக் கூட்டம் சேர்க்கவேண்டும் என்றால் எத்தனையோ பொய் இருக்கிறது. இந்தப் பொய் எதற்கு? வீட்டுக்கு வந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் விளங்கியது. உயிரோடு இருக்கிற வரைக்கும் நான் அந்த மூன்றை உனக்குக் கொடுக்கமாட்டேன். அது உனக்கு நன்றாகத் தெரியும். என் வாயால் 'உன்னுதுதான் பெருசு' என்று வரவேண்டுமானால் நான் சாகவேண்டும். அதனால் சாகடித்தாய். உன் கதையில் நான் கண்ணை மூடும்போது உன் காதில் அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன், நீ கிளாஸில் நின்று அழுகிறாய். அந்த அழுகை மட்டும் நடிப்பு இல்லை என்று நினைக்கிறேன். ரயிலில் உதடு அசைந்துகொண்டு வந்த அந்தப் பையனுக்கு இப்போது ஒரு முறுக்கு வாங்கிக் கொடுக்கலாம் போலிருக்கிறது. உனக்கு வாங்கித் தரத் தோன்றவில்லை. நீ வளர்ந்த ஆள், கோட்டு போட்டிருக்கிறாய்.

இப்போது நீ என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டாய் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா அடுத்தவர் நிலத்தில் களை வெட்டிக் கூலி வாங்கியவள். நிலத்துக்காரர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'ஏய்' என்றுதான் கூப்பிடுவார்கள். என்னையும் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் 'ஏய்' மகள் என்றுதான் சொன்னார்கள். கணக்குப் படித்தேன். அதே நிலத்துக்காரர்கள் வீட்டுப் பெண்கள் என் முன்னால் எழுந்து நின்று 'வணக்கம் டீச்சர்' என்று சொல்லவைத்தேன். ராஜேஸ்வரி அப்படிப்பட்ட வீட்டுப் பெண்தான். அவள் மாலையோடு என் வாசல்படியில் உட்கார்ந்து அழுததற்குப் பின்னால் அவ்வளவு கணக்கு இருக்கிறது. உன் அப்பா போனார், நான் உடையவில்லை. வேலை முடிந்தது, பார்வை மங்கியது, முட்டி போனது, உடையவில்லை. மிச்சம் இருந்தது அந்தப் பெயரும், இந்த ஊரில் அந்தப் பெயரோடு நடக்கிற நடையும்தான். அதைத்தான் நீ எடுத்து, பின்னால் 'நினைவு' சேர்த்து, போர்டு எழுதக் கொடுத்திருக்கிறாய். நான் தெருவில் நடந்தால் உன் பிழைப்பு போய்விடும் என்கிறாய். ரிட்டயரான டீச்சரை யார் தேடப்போகிறார்கள் என்று நீ போட்ட கணக்கும் தப்பில்லை. பக்கத்து வீடுகளில் எல்லாம் புதிதாக வந்த குடித்தனக்காரர்கள். நான் செத்தாலும் குப்பை வண்டி வரும் நேரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

தாய் மகனுக்கு எழுதுகிற கடிதத்தில் புத்திமதி இருக்கவேண்டுமாம். எழுதுகிறேன். பொய் சொல்வதானால் வகுத்துப் பார்க்க முடியாத பொய்யாகச் சொல். உன் தாய் உன்மேல் உயிரையே வைத்திருந்தாள் என்று சொல்லியிருக்கலாம். அதை யாராலும் எந்த எண்ணாலும் வகுத்துப் பார்க்க முடியாது. என்னாலும் முடியாது. அதை விட்டுவிட்டு ஒன்பது இலக்கத்தில் பொய் சொல்லி, அதைப் பத்தடி உயரத்தில் கட்டி, அதற்குக் கீழே கணக்குப் படிக்கிற பிள்ளைகளை வந்து சேரச் சொல்கிறாயே, உனக்கு எவ்வளவு தைரியம்! இன்னொன்று. எட்டோடு நிறுத்தத் தெரியவேண்டும். எங்கே முடிகிறதோ அங்கே முடிகிறது என்று ஒத்துக்கொள்வதற்கும் படிப்பு வேண்டும். அதை உனக்கு நான் கற்றுக்கொடுக்கப் பார்த்தேன், ஏறவில்லை.

கடைசியாக, சாவு என்றால் அதற்குச் செய்யவேண்டிய காரியம் இருக்கிறது. உன் அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். தலையை மழித்துக் கொள்ளி வைத்துவிட்டு, மறுநாள் கணக்குப் பரீட்சைக்குப் போனாய். நான்தான் அனுப்பினேன். சொந்தக்காரர்கள் என்னை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். மொட்டைத் தலையோடு, பரீட்சை அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நீ தெரு முனை திரும்பியபோது, உன் தலை எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கூப்பிட்டுவிடலாமா என்று தோன்றியது, கூப்பிடவில்லை. அப்பாவுக்கு அப்படிச் செய்தவன் எனக்கு என்ன செய்தாய்? போட்டோவில் நீ கிராப்பை நன்றாகச் சீவி விட்டிருக்கிறாய், மீசையும் முறுக்கியிருக்கிறது. பெற்ற தாய் செத்து, தலையில் ஒரு முடிகூடக் குறையாத மகனை இந்தப் பக்கத்து ஜனங்கள் எப்படி நம்பினார்களோ, தெரியவில்லை.

அதனால் உனக்கு இரண்டு வழி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஃப்ளெக்ஸை இறக்கிவிட்டு, பிள்ளைகள் முன்னால் நின்று, அம்மா இருக்கிறாள், அந்த எண் 127-ஆல் உடையும் என்று உன் வாயால் சொல். இல்லையென்றால், தாயைப் பறிகொடுத்த மகனாகத் தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டு மேடையில் நில். அப்படி நின்றால் நான் செத்ததை ஒத்துக்கொள்கிறேன். நீ என்னை எரித்தாகிவிட்டது, ஒரே தாயை இரண்டு தடவை எரிக்க முடியாது. அதற்குப் பிறகு நிஜமாகவே நான் போகிற அன்றைக்கு உனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று உன் சித்தியிடம் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். பிறகு சரி என்றாள். உன் எண்ணில் கடைசி மூன்றை வெட்டினால் என்ன மிஞ்சும் என்று உனக்கு மயிலத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வெட்டியபிறகு மிச்சம் உடையாது. வலிக்காது என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ராஜேஸ்வரி கையில் கொடுத்து அனுப்புகிறேன், அவள் மகளைச் சென்டரில் விட வரும்போது உன்னிடம் தருவாள். உறையை ஒட்டவில்லை. அவள் வழியில் படிப்பாள் என்று தெரியும், படிக்கட்டும் என்றுதான் ஒட்டவில்லை. மகளுக்கும் காட்டுவாள். அந்தப் பெண்ணுக்கு வகுத்தல் நன்றாக வரும் என்று கேள்விப்பட்டேன். ஆகையால் இதை நீ கிழித்துப் போடுவதில் பிரயோஜனம் இல்லை.

குயிலாப்பாளையத்துக்கு நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு கத்தரிக்காய் வாங்கப் போவேன். மார்க்கெட்டுக்கு உன் மேடையைத் தாண்டித்தான் வழி. எந்த வழி என்று உன் தலையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன், நீ ஒன்றும் சொல்லவேண்டாம். முடியோடு நின்றால் மேடைக்கு வந்து விளக்கேற்றிவிட்டுப் போகிறேன். மொட்டையாக நின்றால் என்னைப் பார்த்துக் கும்பிடாதே. செத்தவளைப் பார்த்துக் கும்பிட்டால் சின்னப் பிள்ளைகள் பயந்துகொள்ளும்.

இப்படிக்கு,
மேலே இடது மூலையில், கண்ணாடி இல்லாமல் இருப்பவள்